செவ்வாய்க்கிழமைச் சூடு

எபோ குவான்சா ஒரு மோட்டாரைப் பார்க்க வந்தால், முதலில் குனிந்து அதை மோந்து பார்ப்பார். மற்ற மெக்கானிக்குகள் பையிலிருந்து டெஸ்டரை எடுப்பார்கள், ஸ்பேனரை எடுப்பார்கள். இவருக்கு மூக்குதான் முதல் கருவி. காயில் கம்பி கருகிய வாடை, பேரிங்கில் கிரீஸ் காய்ந்த வாடை, வீங்கிப்போன கண்டென்சரின் வாடை என்று ஒவ்வொன்றையும் பிரித்துப் பிரித்துச் சொல்வார். அந்த மூக்கு பார்க்கவும் அப்படித்தான் இருக்கும். கடவுள் முகத்தை அவசரமாக முடித்துவிட்டு, மூக்கில் மட்டும் நிதானமாக உட்கார்ந்து வேலை பார்த்திருப்பார் போல. சால்ட்பாண்ட் கடற்கரையில் அவர் பெயர் தெரியாதவர்கள்கூட, மூக்கை அடையாளம் சொன்னால் கடையைக் கைகாட்டிவிடுவார்கள்.

தொழிலை அவர் தக்கொராடித் துறைமுகத்தில் கற்றார். ஊருக்குத் திரும்பி, மீன் புகைபோடும் கொட்டகைகளுக்கு எதிரே ஒரு தகரக் கடை போட்டார். எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்து, பழைய செம்புக் கம்பியை உருவி எறிந்து, புதுக் காயில் கட்டி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுப்பார். வேலை முடிந்ததும் மோட்டாரின் முதுகில் சின்னதாக ஒரு நீல மீன் வரைவார். அதுதான் அவர் கையெழுத்து. தண்ணீர் பம்பாகட்டும், ஐஸ் கம்பெனி மோட்டாராகட்டும், நீல மீன் இருந்தால் அது எபோ மாஸ்டர் கட்டியது என்று அர்த்தம். மனைவி இறந்ததிலிருந்து அவர் வீட்டில் அடுப்பு எரிவதில்லை. காலையும் மாலையும் தெருமுனையில் மாமே பென்சிவா விற்கும் கென்கே என்ற புளித்த மக்காச்சோள மாவு உருண்டை, மிளகாய்ச் சாந்து, பொரித்த மீன். பிள்ளைகள் இல்லை. மனிதருக்கு இருந்ததெல்லாம் அந்த நீல மீனும் அதற்கு ஊரில் இருந்த மரியாதையும்தான்.

அந்த மரியாதைக்குத்தான் அஜுவாவின் மில்லில் ஆபத்து வந்தது.

அஜுவா கடற்கரைச் சாலையில் மாவு மில் வைத்திருந்தாள். ஊரில் கென்கே செய்யும் பெண்கள் எல்லாரும் அவளிடம்தான் அரைப்பார்கள். மக்காச்சோளத்தை வீட்டில் ஊறவைத்து, பெரிய எனாமல் சட்டியில் தலைச்சுமையாகக் கொண்டுவருவார்கள். அரைத்த மாவை வீட்டுக்குத் தூக்கிப் போய்ப் புளிக்கவிட்டு, அதில் பாதியை வேகவைத்துக் கிளறி, மீதியோடு பிசைந்து, காய்ந்த வாழை இலையில் சுற்றி மறுபடி வேகவைத்தால் கென்கே. அஜுவாவின் வேலை நடுவில் அரைத்துக் கொடுப்பது மட்டும். அரைக்கிறவள் மேல் உலகத்தில் எல்லாருக்கும் ஒரு சந்தேகம் உண்டு. சட்டியில் விழவேண்டிய மாவில் ஒரு பிடி மில்லுக்குள்ளேயே தங்கிவிடுகிறது என்று. அதனால் ஒவ்வொரு பெண்ணும் தன் முறை முடிந்ததும் மில்லின் வாயில் கையை விட்டு, விரலால் வழித்து, கடைசி உருண்டை வரை எடுத்துக்கொண்டுதான் நகர்வாள். அஜுவா பக்கத்தில் இடுப்பில் கைவைத்து நின்று, "என் மில்லோட பல்லையும் பிடுங்கிட்டுப் போயேன்!" என்பாள். வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் கை சுத்தம்.

பழைய மோட்டார் எரிந்துபோனபோது ஈஸ்டருக்கு முன்பாக எபோதான் புதுக் காயில் கட்டிக் கொடுத்தார். சிங்கிள் பேஸ் மோட்டார், நல்ல கனம். கொண்டுவந்து மாட்டி, பெண்கள் வரிசையில் நிற்க, அதன் முதுகைத் தட்டி, "இந்தக் காயில் நம்ம ரெண்டு பேருக்கும் அப்புறமும் ஓடும், அஜுவா" என்று சொன்னார். மனிதன் சில சமயம் இப்படித்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்கிறான்.

ஏனென்றால் கொஞ்ச நாளிலேயே அந்த மோட்டார் சூடாக ஆரம்பித்தது. அதுவும் செவ்வாய்க்கிழமைகளில் மட்டும்.

செவ்வாய்க்கிழமை கடலுக்கு ஓய்வு நாள். யாரும் படகு இறக்கமாட்டார்கள். ஆண்கள் கரையில் வலை பின்னிக்கொண்டும் வெட்டிக்கதை பேசிக்கொண்டும் இருப்பார்கள். அன்றைக்கென்று பார்த்து, மத்தியானத்துக்குள் மோட்டார் கையை வைக்க முடியாதபடி கொதிக்கும். அப்புறம் தானே நின்றுவிடும். ஆறும்வரை காத்திருந்து சிவப்புப் பொத்தானை அமுக்கினால்தான் மறுபடி ஓடும். பென்சிவாவின் புருஷன் ஜோஜோவுக்கு இது பெரிய கொண்டாட்டமாகிவிட்டது. வலையை மடியில் போட்டுக்கொண்டு மில் வாசலில் உட்கார்ந்து கத்துவான்.

"மோட்டாரும் நம்ம ஜாதி ஆயிருச்சுடோய்! செவ்வாக்கிழமை வேலைக்கு வரமாட்டேங்குது பாரு! இதையும் படகுக்காரர் சங்கத்துல சேத்துவிடுங்க!"

"மீன் வரைஞ்சா வேற என்ன ஆகும்?" என்பாள் வரிசையில் நிற்கும் ஒருத்தி. "மீனுக்கு நாள் தெரியாதா?"

இன்னொருத்தி மோட்டார் காலடியில் கொஞ்சம் சாராயம் ஊற்றிக் கடலிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னாள். எபோ அதையும் மறுக்கவில்லை. ஊற்றினார். மோட்டார் குடித்துவிட்டு அடுத்த செவ்வாய்க்கிழமை இன்னும் சூடானது.

அஜுவா முதலில் பொறுமையாகத்தான் சொன்னாள். "மாஸ்டர், கொஞ்சம் பாருங்க." எபோ உடனே உள்ளே நுழையப் பார்த்தால், "இப்ப வேணாம், இப்ப வேணாம்! பொம்பளைங்க வெயில்ல நிக்கிறாங்க. நாளைக்கு வாங்க, சாவகாசமா பாக்கலாம்" என்று வாசலிலேயே மறித்துவிடுவாள். எபோ புதன்கிழமை போவார். புதன்கிழமை மோட்டார் கோயில் மணி மாதிரிக் குளிர்ந்திருக்கும். நாள் முழுக்க ஓட்டினாலும் லேசான வெதுவெதுப்போடு சரி.

அவரும் விட்டுவைக்கவில்லை. பெல்ட்டைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, இறுக்கம் அதிகமோ என்று தளர்த்தினார். மாவு பட்டுப்போல இறங்க வேண்டும் என்று அஜுவா மில் தட்டுகளை ஒன்றோடொன்று நெருக்கி வைத்திருப்பாள். அதில் மோட்டாருக்குச் சுமை ஏறும் என்று அதையும் சற்று அகட்டினார். அதற்கு பென்சிவாவிடம், "மாவா இது, மணலா?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டார். அடுத்த புதன்கிழமை கண்டென்சரை மாற்றினார். அதற்கடுத்து மின்கம்பத்திலிருந்து வரும் ஒயர் மெலிசு என்று நல்ல தடி ஒயராக இழுத்தார். பேரிங்கைக் கழற்றிச் சுற்றிப் பார்த்தார். வெண்ணெய் போல் சுற்றியது. மோட்டார் கிளம்பிய பிறகு தானாக விலகவேண்டிய உள் சுவிட்ச் ஒட்டிக்கொள்கிறதோ என்று திறந்து பார்த்தார். கண்ணாடி போல் சுத்தமாக இருந்தது. செவ்வாய்க்கிழமை ஊரே வீட்டில் இருப்பதால் டிவியும் ஃபிரிட்ஜும் ஓடி வோல்டேஜ் இறங்குகிறதோ என்று ஒரு செவ்வாய்க்கிழமை முழுக்கத் தன் கடையில் மீட்டரைப் பார்த்தபடி பட்டினி கிடந்தார். வோல்டேஜ் அசையவில்லை. அவருக்குத்தான் தலை சுற்றியது.

காயிலை மோந்து பார்த்தார். புது வார்னிஷ் வாடை அப்படியே இருந்தது. காயில் நன்றாக இருக்கிறது. சத்தியமாக நன்றாக இருக்கிறது. ஆனால் ஊர் மூக்கால் மோந்து பார்த்துப் பேசுமா என்ன? வாயால்தான் பேசியது. ஐஸ் கம்பெனிக்காரர் தன் மோட்டாரைக் கொண்டுவருவதாகச் சொன்னவர் வரவில்லை. பம்பு கட்டக் கொடுத்திருந்த ஒருவர், "மாஸ்டர், அதுல மீன் வேணாம்" என்று பட்டும் படாமலும் சொன்னார். அன்று எபோ கென்கேயைப் பாதியிலேயே வைத்துவிட்டார்.

கடைசியில் ஒரு திங்கட்கிழமை, மில் நிறைய ஆட்கள் இருக்கும்போது அஜுவாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"போதும் மாஸ்டர். எல்லாத்தையும் மாத்திட்டீங்க. மாத்தாதது உங்க காயில் ஒண்ணுதான். மங்கேசிம்ல மோட்டார் கட்டறவர் ஒருத்தர் இருக்காராம். அவர்கிட்ட குடுத்து இந்தக் காயிலை வெட்டி எடுத்துட்டுப் புதுசு கட்டிக்கிறேன்."

வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் எபோ பக்கம் திரும்பினார்கள். ஒருவன் கட்டிய காயிலை இன்னொருவன் வெட்டி எடுப்பது என்றால், அந்தத் தொழிலில் அதற்கு மேல் மானக்கேடு கிடையாது. வெட்டிய கம்பியை மங்கேசிம்காரன் தன் கடை வாசலில் தொங்கவிடுவான். நீல மீன் போட்ட மோட்டார் எதுவும் அப்புறம் சால்ட்பாண்டில் விலைபோகாது.

எபோவின் மூக்கு சிவந்தது. "ஒரு செவ்வாக்கிழமை குடு. நாளைக்கு வரேன். மோட்டார் ஓடும்போதே, இத்தனை பேர் முன்னாடி பாக்கறேன். காயில்ல குத்தம் இருந்தா நானே வெட்டி எடுத்து, என் கையாலேயே அந்த மீனைச் சுரண்டிடறேன்."

"நாளைக்கா?" அஜுவா தடுமாறினாள். "நாளைக்குக் கூட்டம் அதிகம்..."

"கூட்டம் நாங்கதானே!" என்றாள் பென்சிவா. "நாங்க நிக்கிறோம். வேடிக்கை பாக்க எவளுக்குக் கசக்கும்?"

மறுநாள் மில் வாசலில் திருவிழாக் கூட்டம். சட்டிகள் வரிசையாகத் தரையில் இருந்தன. கடலுக்குப் போகாத ஆண்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். ஜோஜோ வலையையும் மறந்துவிட்டு முன்வரிசையில் இடம் பிடித்திருந்தான். எபோ சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார். அஜுவாவின் முகத்தில் அன்று வழக்கமான கிண்டல் இல்லை. அவள் மோட்டாருக்கும் பின்சுவருக்கும் நடுவில் அடுக்கியிருந்த காலிச் சாக்குகளுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

மோட்டார் ஓடியது. சட்டி சட்டியாக மாவு விழுந்தது. எபோ ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். புறங்கையை முன்பக்கம் வைத்துப் பார்த்தார். சூடு, ஆனால் தாங்கலாம். மெல்லப் பின்பக்கம் நகர்த்தினார். பட்டென்று கையை இழுத்துக்கொண்டார். முன்னால் குறைவு, பின்னால் அதிகம். பின்னால் என்ன இருக்கிறது? மோட்டாரின் வாலில் இருக்கும் ஃபேன். அது பின்பக்கச் சல்லடை வழியாகக் காற்றை இழுத்து உடம்பு முழுக்க ஓட்டி ஆற்றும். அதுதானே மோட்டாரின் மூச்சு.

எபோ கண்ணை மூடிக்கொண்டு மூக்கை நீட்டினார்.

"ஆரம்பிச்சுட்டாருடா" என்றான் ஜோஜோ.

பெல்ட் ரப்பரின் வாடை. சூடேறிய வார்னிஷ். அரைத்த சோளத்தின் இனிப்பு வாடை. அதற்கு அடியில், மெலிசாக, இன்னொன்று. எபோ கண்ணைத் திறந்தார். மறுபடி மூடி மோந்தார்.

"யாரு புளிச்ச மாவைக் கொண்டாந்தது?"

வாசலில் சிரிப்பு வெடித்தது. "புளிச்ச மாவை எவளாவது மில்லுக்குக் கொண்டுவருவாளா?" என்றாள் பென்சிவா. "அரைச்ச பொறவு வீட்டுலதானே புளிக்கும்! மாஸ்டருக்கு மூக்கும் கெட்டுப்போச்சு!"

அவள் சொன்னது சரிதான். மில்லுக்குள் ஊறவைத்த சோளம் வரும், பச்சை மாவு போகும். புளிப்பு வாடைக்கு அங்கே வேலையே இல்லை. அதனால்தான் எபோ எழுந்தார். மூக்கை முன்னால் விட்டு, அதன் பின்னால் அவர் நடந்தார். அது நேராக அஜுவாவிடம் கொண்டுபோய் நிறுத்தியது.

"தள்ளு அஜுவா."

அவள் தள்ளவில்லை.  எபோ அவளைச் சுற்றிக்கொண்டு சாக்குகளுக்குப் பின்னால் கையை விட்டார். விரலுக்கு ஒரு எனாமல் சட்டி தட்டுப்பட்டது. பூப்போட்ட துணியால் மூடிய பெரிய சட்டி. மோட்டாரின் வாலோடு ஒட்டி நெருக்கி வைத்திருந்தது. மூடிய துணியின் ஓரத்தை ஃபேன் இழுத்து, சல்லடை மேல் ஈரத்துணி போல் அப்பிவைத்திருந்தது. துணியைப் பிடுங்கிச் சட்டியை ஒரு முழம் நகர்த்தினார். மோட்டாரின் சத்தமே மாறியது. இத்தனை நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியது, இப்போது மூச்சுவிட்டது.

எபோ அவள் முகத்தைப் பார்த்தார். எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. அவள் சந்தையிலிருந்து சோள மூட்டையோடு வருவதையும், தங்கை வந்து மூடிய கூடையோடு போவதையும் அவர் ஓரிரு முறை பார்த்திருக்கிறார். இது அஜுவாவின் மாவு. மங்கேசிம் சந்தையில் தன் காசுக்குச் சோளம் வாங்கி, திங்கள் சாயங்காலம் கடை சாத்திய பிறகு அரைத்து, இங்கே மறைத்து வைக்கிறாள். வீட்டில் வைத்தால் யாராவது எட்டிப் பார்ப்பார்கள். அவர் வருகிறார் என்று தெரிந்தும், ஊறிவிட்ட சோளத்தை வீணாக்க மனமில்லாமல் இந்த வாரமும் வைத்துவிட்டாள். இங்கே மோட்டார் சூட்டில் ஒரே நாளில் புளித்தும் விடுகிறது. மறுநாள் பக்கத்து ஊர் அனொமாபோவில் இருக்கும் தங்கை மூலம் கென்கேயாக விற்றுப்போகிறது. சூடு இருப்பதால் சட்டியை அங்கே வைத்தாள். சட்டியை வைத்ததால்தான் சூடு என்று அவளுக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமை அவரை உள்ளே விடாமல் மறித்தவள் அவளே, அவர் காயிலைத் திட்டியவளும் அவளே. இரண்டிலும் வஞ்சகம் கிடையாது.

"என்ன அங்க? என்ன மாஸ்டர்?" பெண்கள் முண்டியடித்தார்கள்.

 மில்காரி திருட்டுத்தனமாகக் கென்கே செய்கிறாள் என்று தெரிந்தால், அது யார் வீட்டுச் சோளம் என்று யாரும் கேட்கக்கூட மாட்டார்கள். ஆளுக்கு ஒரு பிடியாக எங்களிடம் வழித்ததுதான் என்பார்கள். சாயங்காலத்துக்குள் ஒரு சட்டி கூட அவள் வாசலுக்கு வராது. எபோ இதைச் சொல்லாமல் விட்டால், காயில் மங்கேசிம் போகும். சொன்னால், அஜுவாவின் பிழைப்பு போகும். அவருக்குக் கோபமும் வந்தது. தன் கைவேலையை இவள் எத்தனை செவ்வாய்க்கிழமை தெருவில் போட்டு மிதித்தாள்! ஒரு கணம் சட்டியைத் தூக்கிக் காட்டிவிடலாம் என்றுதான் இருந்தது.

சட்டியைத் தூக்கிக் காட்டினார்.

"என்னோடது" என்றார்.

அஜுவா வாயைப் பிளந்தாள்.

"மாவு. நான் வச்சது. வீட்டுல சூடு பத்தலை, சரியா புளிக்கமாட்டேங்குது. திங்கக்கிழமை சாயங்காலம் அஜுவா கையைக் காலைப் பிடிச்சு அரைச்சு வாங்கி, இங்க வச்சுட்டுப் போவேன். யார்கிட்டயும் சொல்லாதேன்னு கேட்டுக்கிட்டேன். ஃபேனை அடைச்சுட்டேன்போல. காயில் நல்லாத்தான் இருக்கு. புத்திதான் சரியில்ல."

 அப்புறம் சால்ட்பாண்ட் கடற்கரை அதுவரை கேட்காத சிரிப்பு. ஜோஜோ மணலில் உருண்டான். "ஆம்பள கென்கே! தான் கட்டின காயிலைத் தானே வேகவச்சாருடா! சாராயம் வேற ஊத்தினாரு!"

சிரிக்காதவள் ஒருத்திதான். பென்சிவா இடுப்பில் கைவைத்து முன்னால் வந்தாள்.

"இத்தனை வருஷம் என் கென்கேயைத் தின்னு வளர்த்த உடம்பு. இப்ப அது புளிக்கலையோ துரைக்கு?"

"அப்படி இல்ல மாமே..."

"எப்படி இல்ல? சரி, நாளைக்கு உன் கடை வாசல்ல அந்தக் கென்கேயை வை. நாங்க வரோம். உன் புளிப்பு என்ன புளிப்புன்னு பாத்துடறோம்."

சட்டியோடு வீட்டுக்கு நடந்த எபோவுக்குக் கென்கேயைத் தின்னத் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

அன்று இருட்டுவதற்கு முன்பே அஜுவா அவர் வீட்டுக் கொல்லைப்புறமாக வந்து நின்றாள். தலையில் ஒரு கட்டு காய்ந்த வாழை இலை. முகத்தை உர்ரென்று வைத்திருந்தாள். நன்றி சொல்லத் தெரியாதவர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

"உங்களை யாரு அப்படிச் சொல்லச் சொன்னது?"

"என் காயில் சொல்லச் சொல்லுச்சு."

"அது யார் வீட்டுச் சோளமும் இல்ல. என் காசு."

"தெரியும். உன் கை சுத்தம்னு எனக்குத் தெரியாதா?"

அவள் இலைக்கட்டைத் தரையில் இறக்கி வைத்தாள். "இத்தனை வருஷமா அரைக்கிறேன் மாஸ்டர். ஊர்ல எல்லாக் கென்கேயும் என் கையைத் தாண்டித்தான் போகுது. எனக்கு ஒண்ணு வருமா வராதான்னு பாக்கணும்போல இருந்துச்சு. தங்கச்சி நல்லா இருக்குன்னுதான் சொல்றா. தங்கச்சி வேற என்ன சொல்வா?"

எபோ அடுப்பை மூட்டினார். எத்தனையோ வருஷமாகச் சாம்பல் கூட இல்லாத அடுப்பு. புகை கண்ணில் பட்டதாகச் சொல்லித் துடைத்துக்கொண்டார். புகைதானா என்று அஜுவா கேட்கவில்லை.

மாவைக் கிளறுவதும் பிசைவதும் அவள். இலை சுற்றும் வேலையில் எபோவும் கைவைத்தார். அவர் சுற்றிய முதல் கென்கே பிரிந்து விழுந்தது. இரண்டாவது, "இது கென்கே இல்ல, காயம்பட்ட கால்" என்று அஜுவாவிடம் பேர் வாங்கியது. கடைசியில் எபோ எழுந்து போய், காயில் கம்பிகளின் முனைகளைக் கட்டும் வெள்ளைப் பருத்தி நூலைக் கொண்டுவந்தார். மோட்டார் காயிலுக்குப் போடும் அதே முடிச்சைப் போட்டு, ஒவ்வொரு கென்கேயையும் இறுக்கிக் கட்டினார். இடி விழுந்தாலும் அவிழாது. அஜுவா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தாள். செவ்வாய்க்கிழமையில் அவள் சிரித்து அவர் பார்த்தது அதுவே முதல்முறை.

மறுநாள் கடை வாசலில், எரிந்த மோட்டார்களுக்கு நடுவில், ஒரு பலகையில் கென்கே. அஜுவா வரவில்லை. வந்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று மில்லிலேயே இருந்துகொண்டாள். பெண்கள் கூட்டமாக வந்தார்கள். நூல் கட்டைப் பார்த்து முதலில் ஒரு ரவுண்டு சிரித்து முடித்தார்கள். பென்சிவா நூலைப் பல்லால் கடித்து அறுத்து, இலையைப் பிரித்து, ஒரு துண்டு கிள்ளி வாயில் போட்டாள். மென்றாள். எல்லாரும் அவள் தாடையையே பார்த்தார்கள். எபோ, தன் காயில் சோதனையில் இருப்பது போல், பலகைப் பக்கம் குனிந்து நின்றார். இத்தனைக்கும் அது அவருடையதே இல்லை.

பென்சிவா அதோடு நிறுத்தவில்லை. இன்னொரு துண்டு எடுத்தாள். அப்புறம் மிளகாய்ச் சாந்து இல்லாமலேயே முழுதையும் தின்று முடித்தாள். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, வேறு எங்கோ பார்த்தபடி, "ஜோஜோ மத்தியானம் கடலுக்குப் போறான். கொஞ்சம் கட்டிக் குடு" என்றாள்.

 வாழ்நாள் முழுக்கக் கென்கே விற்றவள், தன் புருஷன் கடலுக்குப் போக இன்னொருவர் கையிலிருந்து கென்கே வாங்குகிறாள். அதற்கு மேல் நாக்கால் பாராட்டவேண்டிய தேவை யாருக்கும் இல்லை. பலகை கொஞ்ச நேரத்தில் காலியானது.

சாயங்காலம் அஜுவா பெல்ட் பார்க்கக் கூப்பிட வந்ததாகச் சொல்லிக்கொண்டு கடைக்கு வந்தாள். பெல்ட்டுக்கு ஒன்றும் இல்லை. எபோ நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் கவிழ்த்து வைத்திருந்த மோட்டார் கூட்டின் மேல் உட்கார்ந்து கேட்டாள்.

"மாமே என்ன சொன்னா? திரும்பச் சொல்லுங்க."

சொன்னார்.

"ஜோஜோவுக்கா வாங்கினா? நிஜமாவா?"

"நிஜமா."

அஜுவா முகத்தைத் துணியால் மூடிக்கொண்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்ததில் தோள் குலுங்கியது. துணியை எடுத்தபோது பழைய அஜுவா திரும்பி வந்திருந்தாள்.

"என் கை செஞ்சதுக்கு உங்க பேரு! ஊரெல்லாம் மாஸ்டர் கென்கே, மாஸ்டர் கென்கேன்னு பேசுது. எனக்கு வயிறு எரியுது!"

"உன் சட்டி செஞ்சதுக்கு என் கை ஈஸ்டர்லேருந்து ஏச்சு வாங்குச்சே, அது மட்டும் இனிச்சுதா?"

அதற்கு அவளிடம் பதில் இல்லை. அஜுவாவுக்குப் பதில் இல்லாமல் போனது ஊரில் யாரும் பார்க்காத காட்சி. எபோ தனியாகவே பார்த்து அனுபவித்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை. மில் நிறையக் கூட்டம். காலையிலிருந்து மோட்டார் நிற்காமல் ஓடியது. நீல மீன் மேல் கைவைத்தால் வெயிலில் நின்ற படகின் சூடுதான் இருந்தது, அதற்கு மேல் இல்லை. ஐஸ் கம்பெனிக்காரர் தன் மோட்டாரைக் கொடுத்துவிட்டதாக யாரோ சொன்னார்கள். மீன் கொஞ்சம் பெரிதாகவே வேண்டும் என்று கேட்டாராம்.

பென்சிவா தன் மாவைக் கடைசி உருண்டை வரை வழித்து எடுத்துக்கொண்டு, அஜுவாவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"ஏண்டி, ஒரு ஆம்பளை, அதுவும் கரிக் கை, கென்கே செய்யறான். நீ மாவிலேயே பொறந்து மாவிலேயே நிக்கிற. அரைக்க மட்டும் தெரிஞ்சாப் போதுமா? மாஸ்டர்கிட்டப் போய்க் கத்துக்கிட்டா என்ன, கௌரவம் குறைஞ்சுடுமா?"

வரிசை முழுக்க ஆமாம் போட்டது. "போ அஜுவா, கத்துக்க! நாங்க ஒண்ணும் நெனச்சுக்க மாட்டோம்!"

அஜுவாவுக்கு முதலில் காது சிவந்தது. நீளமான வாய் ஒரு பதிலை எடுத்து நுனிவரை கொண்டுவந்தும் விட்டது. அப்புறம் என்ன தோன்றியதோ, அதை விழுங்கிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீங்க சொல்றதும் சரிதான் மாமே. கத்துக்கறேன்."

அன்று மில்லைச் சீக்கிரமே சாத்தினாள். வெயில் இன்னும் இறங்கவில்லை. ஆண்கள் எல்லாரும் கரையில் வலை பின்னிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் வாசல்களில் உட்கார்ந்திருந்தார்கள். அஜுவா தன் காசில் வாங்கி, தன் மில்லில் அரைத்த மாவுச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, துணியால்கூட மூடாமல், கடற்கரைச் சாலையின் நடுவே எபோவின் வீட்டை நோக்கி நடந்து போனாள்.